பன்னிரண்டாம் நம்பர் குழாய்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டுமாம். பேச்சுவாக்கில் ஒருவன் பையிலிருந்து ஒரு கதீட்டர் பொட்டலத்தை எடுத்துக் காட்டினான். சிறுநீர் இறங்காமல் தவிக்கிறவர்களுக்குப் போடுகிற குழாய். ஒருமுறை போட்டுத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அளவுக்கு ஒரு நிறம், போதாததற்குப் பிரெஞ்சு எண், பக்கத்திலேயே மில்லிமீட்டர், எல்லாம் அச்சடித்திருந்தது. "இதுல தப்பு நடக்க சான்ஸே இல்ல சார்" என்றான். தப்பு நடக்க வழியே இல்லாத தொழிலில் உனக்கு என்னடா வேலை என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். எங்கள் கம்பெனித் தாளில் அந்த மில்லிமீட்டர் முதன்முதலாக ஏறியதற்கு நான்தான் காரணம், அதையே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

என் ஊர் புதுச்சேரியில் பாகூர்க் கொம்யூனில் இருக்கிறது; கொம்யூன் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் பிரித்துவைத்த வட்டாரம். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். இங்கிலீஷ் நானாகக் கற்றுக்கொண்டது. ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுப் புதுச்சேரியைக் கொடுத்துவிட்டுப் போனதும், பிரெஞ்சு படித்தவர்களெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். எனக்கு மட்டும் அதிர்ஷ்டம் சென்னையிலிருந்து வந்தது. அதுவரை இங்கத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கத்தி, கத்தரி, சிரிஞ்சு எல்லாம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தன. அது நின்றுபோனது. டாக்டர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பிரெஞ்சில் எழுதிச் சென்னைக் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அதைப் படிக்க ஆள் இல்லை. இரண்டு பாஷையும் தெரிந்தவன் வேண்டும் என்றார்கள். நான் போனேன்.

பயிற்சி ஆறு மாதம், சென்னைக் கிடங்கில். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மானேஜர் சேஷாத்ரியைப் பற்றித்தான் எழுத வேண்டும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சின்னப் பையனாக இருந்தாலும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். ஒரு சாமான் சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் மேசையின் இடப்பக்கம் வைப்பார். சரியென்றால் வலப்பக்கம். ஆட்களுடைய கடிதங்களுக்கும் அதே மரியாதைதான். இடப்பக்கம் போன கடிதத்துக்குச் சொந்தக்காரன் மறுநாள் தானாகவே வேறு வேலை தேடப் போய்விடுவான்.

விற்பதற்கு முன்னால் சாமானைப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ரத்தக்குழாயைப் பிடிக்கிற ஃபோர்செப்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூடிப் பார்க்கச் சொல்வார். நுனியில் கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் அது இடப்பக்கம். பிறகு ஒரு தலைமயிரை அதில் கடிக்கவைத்து இழுக்க வேண்டும். மயிர் நழுவக் கூடாது. கத்தரியை நனைத்த பஞ்சில் வெட்டிப் பார்க்க வேண்டும். நுனிவரை வெட்ட வேண்டும், மெல்லக் கூடாது. சிரிஞ்சின் வாயை விரலால் அடைத்துத் தண்டை இழுத்து விட்டால் அது தானாகத் திரும்பி ஓட வேண்டும். ரப்பர்க் குழாயை வளைத்து, வளைவில் வெடிப்புத் தெரிகிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். தண்ணீர் விட்டு ஊதிப் பார்க்க வேண்டும். இத்தனையும் கற்றுக்கொண்ட பிறகு ஒருநாள் கேட்டேன், டாக்டரிடம் போய் என்ன பேச வேண்டும் என்று. "ஒண்ணும் பேசாதீங்கோ. அவர் எதிர்ல இதையெல்லாம் செய்யுங்கோ" என்றார். நாற்பது வருஷம் நான் விற்றது அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்.

எனக்கு வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் பக்கத்து ஆஸ்பத்திரிகளைக் கொடுத்தார்கள். ஒரு சைக்கிள், ஒரு தோல்பை. சென்னைப் பார்சல் ரயிலில் வில்லியனூரில் இறங்கும். அங்கிருந்து கேரியரில் கட்டிக்கொண்டு கரும்புக்கொல்லைகளுக்கு நடுவே மிதிப்பேன். புறநோயாளிகள் கூட்டம் கலையும்வரை வராந்தாவில் நின்றே காத்திருப்பேன். உட்கார்ந்தால் நோயாளி என்று நினைத்து நர்ஸ் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிடுவார், ஒருமுறை வைத்தும்விட்டார். டாக்டர் கை கழுவி வந்ததும் முதலில் பிரெஞ்சில் வணக்கம். பிரெஞ்சுக்காரன் போனபிறகு பிரெஞ்சில் பேச ஆள் கிடைக்காமல் அவர்களுக்கும் நாக்கு அரித்துக்கொண்டிருந்தது. ஒரே வருஷத்தில் அந்தப் பக்கத்து இண்டெண்ட், அதாவது சாமான் கேட்டு எழுதுகிற தாள், அத்தனையும் என் கையில்தான். அவர்கள் பிரெஞ்சில் எழுதுவார்கள். நான் அதை இங்கிலீஷில் எழுதிச் சென்னைக்கு அனுப்புவேன். ஒரு வார்த்தைகூட விடமாட்டேன். அந்த மொழிபெயர்ப்பில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் "பலராமன்" என்று என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே போடுவேன்.

பாகூர்க் கொம்யூனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் லூர்துநாதன் இருந்தார். ஐம்பது வயது. பிரெஞ்சுக்காரர்களிடம் படித்தவர், முன்கோபி, கை மட்டும் பட்டு. அவர் பழைய பிரெஞ்சுக் கதீட்டர்களைத் தேயத் தேயப் பயன்படுத்திவிட்டு, பன்னிரண்டாம் நம்பரும் பதினாலாம் நம்பரும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நான் மொழிபெயர்த்து அனுப்பினேன். சிவப்பு ரப்பர்க் குழாய்கள் தகர டப்பாவில் முகப்பவுடர் போன்ற மாவு தூவி வந்தன. வெடிப்பு இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா, எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. டப்பாவை டாக்டரின் அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக வந்தேன். தடிமனைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நம்பர்தான் போட்டிருக்கிறதே.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆற்றிலும் ஏரியிலும் தண்ணீர் ஏறி, புதுச்சேரிக்குப் போகிற ரோடும் கடலூருக்குப் போகிற ரோடும் மூழ்கிவிட்டன. நான் ஊரிலேயே மாட்டிக்கொண்டதால், சும்மா இருப்பானேன் என்று ஒரு நாள் காலை லூர்துநாதனைப் பார்க்கப் போனேன். போன கொஞ்ச நேரத்தில் ஏம்பலத்துப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டியில் வைக்கோல்மேல் ஏழுமலை என்று ஒரு கரும்பு விவசாயி சுருண்டு கிடந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு குடம்போல் எழும்பியிருந்தது. அவர் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டிச் சட்டத்தைப் பிடித்திருந்தார். கூட வந்த மனைவி அஞ்சலை, கணவரைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்கு ஏழுமலையைத் தெரியும். சிறுநீர் வரும் வழி ஓரிடத்தில் தழும்பேறிக் குறுகிப்போனவர். போன வருஷமும் இதே மாதிரி வந்தார். அன்று பன்னிரண்டாம் நம்பர் குழாய் சுலபமாக உள்ளே போய்விட்டது. அதனால் டாக்டர் பதறவில்லை. நர்ஸிடம் பன்னிரண்டை வேகவைக்கச் சொன்னார். கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்து வந்ததைக் கையில் வாங்கியவர், அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது? பன்னண்டா இது? உலக்கையாட்டம் இருக்குது."

குழாயின் அடியில் 12 என்று தெளிவாகக் குத்தியிருந்தது. நான் கம்பெனியை விட்டுக்கொடுப்பேனா? சென்னை ரப்பர் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். வாயில் வந்த பொய்தான். அவர் கிளிசரின் தடவி மெதுவாக முயன்றார். விரற்கடைகூடப் போகவில்லை. ஏழுமலையின் காலிரண்டும் உதறின. டாக்டர் உடனே எடுத்துவிட்டார். தள்ளினால் கிழிந்துவிடும் என்று பிரெஞ்சில் முணுமுணுத்தார்.

இதைவிடச் சின்னது அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. பழசெல்லாம் இற்றுப்போய்க் கழித்தாகிவிட்டது. ரோடு மூழ்கிக் கிடக்கிறது. இனி அடிவயிற்றில் கனத்த ஊசியால் குத்தித்தான் தண்ணீரை எடுக்க வேண்டும். அந்த அறையில், அந்த மழையில், குத்தினால் சீழ் வைக்கும் என்று டாக்டர் பயந்தார். குத்தாமல் விட்டால் சிறுநீர்ப்பை தாங்காது.

அப்போதுதான் என் பை நினைவுக்கு வந்தது. அதில் சாம்பிள் டப்பா இருந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குழாய்கள். எடுத்து மேசைமேல் பரப்பினேன். பாதிக்குமேல் வெடித்திருந்தன. ஊர் ஊராகப் போய் டாக்டர்கள் எதிரே வளைத்து வளைத்துக் காட்டியது நான்தானே. ஏழாம் நம்பரை நகத்தால் தடவினேன், நுனித் துளைக்குப் பக்கத்தில் கீறல். ஆறு நன்றாக இருந்தது. தண்ணீர் விட்டு ஊதினேன், ஒழுகவில்லை. டாக்டரிடம் நீட்டி, ஆறாம் நம்பர் என்றேன்.

"ஆறு கைக்கொழந்தைக்குப் போடறதுடா" என்றவர், வாங்கிப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். அது கைக்குழந்தைக்குப் போடுகிற குழாயாகத் தெரியவில்லை. தையல் போடுகிற பட்டு நூலில் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, சந்திக்கிற இடத்தில் கிள்ளி, நூலைப் பிரித்து ஸ்கேலில் வைத்தார். பத்து மில்லிமீட்டர், அதற்கு ஒரு மயிரிழை கூட. அப்புறம் அந்தப் பன்னிரண்டாம் நம்பர்மேல் சுற்றினார். இருபத்திரண்டைத் தாண்டியது. பிரெஞ்சு நம்பர் என்பது கிட்டத்தட்ட அந்தச் சுற்றளவுதான். பன்னிரண்டு என்றால் நூலும் பன்னிரண்டு மில்லிமீட்டர் சுமாருக்கு வர வேண்டும்.

ஆறைக் கொதிநீரில் போடச் சொல்லிவிட்டு, டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஃபேக்டரியில எவனோ கழுதை நம்பர மாத்திக் குத்திட்டான். நாலு வரி காரமா எழுதித் தரேன், கொண்டுபோய்க் குடு" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை குழாய்கள் என் கண்ணெதிரே வரிசையாகக் கிடந்தன. படிப்படியாக, ஒழுங்காகத் தடித்துக்கொண்டு போயின. ஃபேக்டரிக்காரன் ஒன்றும் மாற்றவில்லை. இங்கிலீஷ்காரன் வேறு கணக்கில் எண்ணுகிறான். நான் பிரெஞ்சுத் தாளில் இருந்த ஒவ்வொரு வார்த்தையையும் இங்கிலீஷாக்கினேன். நம்பருக்கு ஏது பாஷை என்று அதை மட்டும் அப்படியே எழுதிவிட்டேன். பெரிய கையெழுத்து வேறு போட்டேன். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது, மறைக்கப் போவதில்லை. அந்தப் பயத்தைவிட, அஞ்சலை அம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்ற கூச்சம் பெரிதாக இருந்தது.

"ஃபேக்டரி மேல தப்பு இல்ல டாக்டர். நான்தான் நம்பர மாத்தாம எழுதிட்டேன். இது இங்கிலீஷ் கணக்கு. இங்கிலீஷ்ல ஆறுன்னா நம்ம பத்து."

டாக்டர் என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. "வா இங்க. கைய சோப்பு போட்டுக் கழுவு. இந்தாளு கால நீ புடி" என்றார்.

பிடித்தேன். நாற்பது வருஷத்தில் எத்தனையோ ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நின்றிருக்கிறேன். நான் விற்ற சாமான் ஒரு மனிதனின் உடம்பில் போவதை, அவன் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அன்று ஒருநாள்தான். டாக்டர் அவசரப்படவே இல்லை. மூச்சை இழுத்து விடச் சொல்வார். விடும்போது நெல்லளவு உள்ளே செலுத்துவார். தடுக்கிற இடம் வந்தது. தள்ளாமல் அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு, கரும்புக்கு இந்த வருஷம் என்ன உரம் போட்டாய் என்று கேட்டார். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டே ஏதோ சொன்னார். சொல்லும்போது உடம்பு இளகியது. குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நர்ஸ் பிடித்திருந்த எனாமல் பாத்திரத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. நான் எந்தக் கச்சேரியிலும் அப்படிப்பட்ட இசையைக் கேட்டதில்லை. முழுவதையும் ஒரேயடியாக இறக்கக் கூடாது என்று டாக்டர் நடுநடுவே விரலால் அடைத்து அடைத்து விட்டார். அரைமணி நேரத்தில் வயிறு தட்டையானது. ஏழுமலை கண்ணை மூடித் தூங்கியே போனார். அஞ்சலை அம்மாள் அப்போதுதான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

ரோடு திறந்ததும் நடந்ததைக் கடிதமாக எழுதித் தபாலில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து நானும் சென்னைக்கு ஓடினேன். சேஷாத்ரியின் மேசையில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். நடுவில் இருந்தது. அவர் கதீட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து நான் மொழிபெயர்த்த இண்டெண்ட் அத்தனையையும் எடுத்து என் முன்னால் போட்டார். "இதிலே இன்னும் எத்தனை பேர் கதீட்டர் கேட்டிருக்கா, பாருங்கோ" என்றார். மூன்று இடம். எனக்குச் சுரீர் என்றது. லூர்துநாதனிடம் தப்பைச் சொன்னதோடு என் பாவம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று அலமாரிகளில் அந்த உலக்கைகள் யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்தன.

சரியான அளவில் புதுக் குழாய்களை வாங்கிக்கொண்டு அன்றே ரயில் ஏறினேன். அந்த மூன்று இடத்திலும் போய், என்னால் வந்த பிழை என்று என் வாயாலேயே சொன்னேன். ஓரிடத்தில் டப்பாவையே திறக்கவில்லை. இன்னோரிடத்தில் டாக்டர் என்னை அரைமணி நேரம் நிற்கவைத்துப் பிரெஞ்சில் திட்டினார். இலக்கணம் பிசகாத திட்டு. மூன்றாவது இடத்தில் நர்ஸ் டப்பாவைத் திருப்பித் தரவே மறுத்துவிட்டார். எனிமா கொடுக்க இவ்வளவு நல்ல குழாய் தனக்குக் கிடைத்ததே இல்லையாம். அந்த வாரம் நான் ஒரு சாமானும் விற்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ எக்ஸ்ரே மெஷின்கூட விற்றிருக்கிறேன். ஆனால் என் வேலையில் மிக நன்றாக உழைத்த வாரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அதிலிருந்து என் இண்டெண்ட் தாளில் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு நூல் ஒட்டியிருக்கும். டாக்டர் கையில் இருக்கிற பழைய குழாய்மேல் நூலைச் சுற்றி, அந்த நீளத்துக்கு வெட்டிப் பசையால் ஒட்டி, கீழே மில்லிமீட்டர் போட்டு அனுப்புவேன். சென்னைக் கிடங்கில் முதலில் சிரித்தார்கள். ஆறே மாதத்தில் சேஷாத்ரி புதிதாக இண்டெண்ட் தாள் அச்சடித்தார். அதில் மில்லிமீட்டருக்கென்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. அவர் என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தாள் கட்டு என் கைக்கு வந்தபோது எனக்குப் பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது.

ஏழுமலையை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோதே ஒருநாள் போய்ப் பார்த்தேன். நடந்த தப்பு என்னுடையது என்று அவரிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, மன்னிக்கவும் இல்லை. அது இன்னா கணக்கு என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். குறுகின வழி மறுபடி அடைபடாமலிருக்க அவர் மாதம் ஒருமுறை வந்து குழாய் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல, தவறாமல் வந்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அப்புறம் அவரைப் பார்க்க வாய்க்கவில்லை.

சில வருஷம் கழித்து, லூர்துநாதன் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு மதராஸ் பக்கம் படித்த ஓர் இளம் டாக்டர் வந்தார். முதல்முறை அவரைப் பார்க்கப் போனபோது, பையைத் திறப்பதற்குள் அவரே சிரித்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். போன வாரம் ஒரு கரும்பு விவசாயி வந்தாராம். மேசைமேல் படுக்கச் சொன்னால் படுக்கவில்லையாம். குழாய் டப்பாவை முதலில் காட்டச் சொன்னாராம். அளந்து பார்க்க நூல் இருக்கிறதா என்று வேறு கேட்டாராம். அப்புறம் டாக்டருக்கே பாடம் சொல்லியிருக்கிறார்:

"எனக்கு இப்ப எட்டு போவுது சார். இங்கிலீசு எட்டு. பிரெஞ்சு டப்பாவா இருந்தா பதினாலு எடுக்கணும். பாத்து எடுங்க. முன்ன ஒருத்தரு, நல்லாப் படிச்சவரு, இதுல கோட்ட வுட்டுட்டாரு."

அப்படிக் கோட்டை விட்ட அந்தப் படித்தவர் யார் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். நான்தான் என்று சொன்னேன்.